கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துறட்டி

ஜனவரி 6

டாக்டர் மணவாளன் எங்கள் எர்த் ராடைத் திருடிவிட்டார். திட்டத் தலைவர் எடுத்தால் அதற்கு ‘இடமாற்றம்’ என்று பெயர். நான் திருட்டு என்றே எழுதுகிறேன். இது என் டைரி.

திருட்டுப் பொருள் இப்போது பார்வையாளர் கூடத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி, நீல வெல்வெட், மேலே ஒரு குட்டி விளக்கு. கீழே பித்தளைத் தகட்டில் ‘பாதுகாப்பே எங்கள் முதல் பணி’ என்று பொறித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்வார்களாம்.

நாங்கள் கட்டிக்கொண்டிருப்பது துகள் முடுக்கி. புரோட்டான்களைக் காந்தங்கள் வளைத்துத் திருப்பவேண்டும். அந்தக் காந்தங்களுக்கு ஒரு கண்ணிமைப்புக்குள் ஏராளமான மின்னோட்டம் வேண்டும். ஊர் லைனிலிருந்து அப்படி உறிஞ்சினால் கீரனூர் வரைக்கும் விளக்கு அணைந்துவிடும். அதனால் மின்தேக்கிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விடுகிறோம். மூன்றாம் கட்டடத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மின்தேக்கி அடுக்குகள், தனித்தனிக் கம்பிக் கூண்டுக்குள். பேங்க் ஒன்று, பேங்க் இரண்டு. என் வேலை இவற்றோடுதான்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் பேங்கில் மின்சாரம் இருக்கும். அதைத் தரைக்கு இறக்கத்தான் எர்த் ராடு. நீளமான ஃபைபர் கழி, நுனியில் செம்புக் கொக்கி, கொக்கியிலிருந்து தரைக்குப் போகும் தடித்த கேபிள். மாட்டினால் படாரென்று ஒரு பொறி. அதோடு எடுத்துவிடக் கூடாது. எடுத்தால், மின்தேக்கியின் உள்ளே ஒட்டிக்கிடந்த மிச்சம் மெதுவாக மேலே ஏறிவரும். ஆளைக் கொல்லும் அளவுக்கு வரும். உள்ளே ஆள் இருக்கும்வரை கொக்கி தொங்கிக்கொண்டே இருக்கவேண்டும். அதனால்தான் பேங்குக்கு ஒரு ராடு என்று வாங்கினார்கள்.

இப்போது இரண்டு பேங்குக்கும் சேர்த்து ஒரு ராடு.

சோலைமலை அண்ணன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். “ஆட்டுக்குக் கொழை ஒடிக்கிற தொரட்டி மாதிரிதான மேடம் இருக்கு? அதுக்கு வந்த வாழ்வப் பாருங்க, மெத்தையில நிக்கிது. எங்கப்பாரு தொரட்டி கூரையில சொருகிக் கெடக்கு.”

அவர் ஒப்பந்த டெக்னீசியன். ஐ.டி.ஐ. படித்தவர். அவர் அப்பாவின் கடலைக்கொல்லை எங்கள் மூன்றாம் கட்டடத்தின் அடியில் இருக்கிறது.

ஜனவரி 8

மணவாளன் அறைக்குப் போய்க் கேட்டேன்.

“புதுசுதானம்மா? ஏப்ரல்ல பார்க்கலாம். இந்த வருஷ பட்ஜெட் முடிஞ்சுது.”

“அப்ப கூடத்துல இருக்கறத எடுத்துக்கறேன் சார்.”

“அறிவியல் நாளுக்கு டெல்லி கமிட்டி வருது. காலிப் பெட்டியவா காட்டச் சொல்றீங்க? ஒண்ண வெச்சு சமாளிங்க. நாங்கல்லாம் எதுவுமே இல்லாம படிச்சு வந்தவங்க, ஜெசிந்தா.”

உண்மைதான். அரசுப் பள்ளி, அம்மா சத்துணவுக் கூடத்தில் ஆயா. வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். ஏழையாகப் பிறந்ததை அடையாள அட்டை மாதிரி நீட்டுகிறார், அதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் அப்பா தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். நான் யாரிடமும் அதைச் சொல்லிக் காரியம் சாதித்ததில்லை.

என் ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. சும்மா எழுதிவைக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 10

விடுதியில் தண்ணீர் இல்லை. மெஸ்ஸில் மறுபடியும் கோஸ் பொரியல்.

ஜனவரி 12

சோலைமலை அண்ணன் தானே ஒரு ராடு செய்து எடுத்துவந்தார். பழைய ஃபைபர் ஏணியின் கால், காயலான் கடைச் செம்புப் பட்டை. கொக்கி கொஞ்சம் கோணல். கம்பி போதுமான தடிமன் இல்லை, அதை மாற்றவேண்டும் என்று சொன்னேன். “சரி மேடம், மாத்திருவோம். தொரட்டி எப்பிடி? ஐ.எஸ்.ஐ. முத்திரையும் குத்தணும்னா எங்க வீட்டுல எட்டணாக் காசு ஒண்ணு இருக்கு, காய்ச்சிக் குத்திரலாம்.”

கம்பி மாற்றுவதற்குள் பாதுகாப்பு அலுவலர் வந்தார். ‘அங்கீகரிக்கப்படாத உபகரணம்’ என்று சிவப்பு அட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனார். அங்கீகரிக்கப்பட்டது வெல்வெட்டில் நிற்கிறது சார் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. “நல்லா மெயின்டெய்ன் பண்றாங்கல்ல?” என்றார்.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து இன்றுதான் எல்லோரும் வந்தார்கள். சோலைமலை அண்ணனுக்கு முழங்கையில் பெரிய சிராய்ப்பு.

“மாடு புடிச்சீங்களாண்ணே?”

“மாடு எங்க மேடம் புடிக்க விட்டுச்சு? அதுதான் என்னயப் புடிச்சுச்சு.”

கேண்டீனில் ஒரு தகராறு. நிரந்தர ஊழியர்களுக்கு நீல அட்டை, என்னைப் போன்ற திட்டப் பொறியாளர்களுக்குப் பச்சை, ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள். மஞ்சள் அட்டைக்காரர்கள் மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசைகளில் உட்காரக் கூடாது என்று யாரும் எழுதிப் போடவில்லை. ஆனால் உட்காரமாட்டார்கள். நான் இன்று சோலைமலை அண்ணனை இழுத்துப்போய் என் எதிரில் உட்காரவைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நீங்க புரட்சி பண்றதுக்கு என் சோறுதான் கெடச்சுதா? தொண்டையில எறங்க மாட்டேங்குது” என்று தட்டோடு எழுந்து போய்விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

ஜனவரி 20

கமிட்டிக்கு முன்னால் இரண்டு பேங்கும் ஓடிக் காட்டவேண்டும். அதனால் இரண்டிலும் ஒரே நேரத்தில் வேலை. ஒரு ராடை வைத்துக்கொண்டு.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ராடை மாட்டுவது, எடுப்பது, மாற்றுவது எல்லாம் நான் மட்டும்தான். வேறு யாரும் தொடக் கூடாது. ஆளாளுக்குத் தொட்டால்தான் விபத்து வரும்.

சோலைமலை அண்ணன் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். கூண்டுக்குள் போகும்போது தோளில் கிடக்கும் பச்சைத் துண்டைக் கதவுக் கொண்டியில் போட்டுவிடுவார். “துண்டு கெடந்தா நான் உள்ள இருக்கேன். தொரட்டியத் தொடாதீங்க. பஸ்ஸுல எடம் புடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க.”

எளிய, நல்ல ஏற்பாடு. பட்ஜெட் தேவைப்படாதது.

ராடு எடுத்த பிறகு மின்சாரம் திரும்ப ஏறுவதைப் பற்றி அவரிடம் இன்னொரு முறை சொன்னேன். “செத்தது எந்திரிச்சு உக்காருமா?” என்றார். மீட்டரை மாட்டிக் காட்டினேன். முள் மெல்ல எழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. “இது கெட்ட சாதி மேடம்” என்றார்.

ஜனவரி 24

ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு. ராடோடு நடந்து நடந்து கால் கடுக்கிறது. துண்டு ஏற்பாடு நன்றாக ஓடுகிறது. அடுத்த கட்டடத்திலும் செய்யச் சொல்லலாம்.

ஜனவரி 28

மதியம் பேங்க் இரண்டுக்கு ராடு தேவைப்பட்டது. மணவாளன் இரண்டுமுறை போன் செய்தார். பேங்க் ஒன்றின் கதவில் துண்டு இல்லை. துண்டு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. அதுதான் ஏற்பாடு. ராடு இரண்டுக்குப் போனது.

சோலைமலை அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கை கழுவித் துடைக்கத் துண்டைக் கொண்டு போயிருக்கிறார். வேலை பாதியில் இருந்தது. திரும்பி வந்து, துண்டைக் கொண்டியில் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் பாதியில் விட்ட நட்டைப் பிடித்திருக்கிறார்.

பேங்க் இரண்டில் இருந்தபோது சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. நாற்காலி சாய்ந்ததுபோல.

ஜனவரி 29

புதுக்கோட்டை அரசு மருத்துவமனை. நினைவு இல்லை. வலது உள்ளங்கையில் ஒரு கறுப்புப் புள்ளி, மிளகு அளவு. மின்சாரம் அங்கேதான் உள்ளே போனது என்றார் டாக்டர். அண்ணனின் மனைவி செவந்தி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “சாப்புட்டீங்களா?” என்று கேட்டாள்.

ஜனவரி 31

காலையில் இறந்துவிட்டார்.

பிப்ரவரி 1

அண்ணனின் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஆராய்ச்சி மையத்தின் பெயர் எழுதிய மலர்வளையம் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. நீல அட்டைக்காரர் ஒருவர்கூட வரவில்லை. கோழைகள். வேலை வாங்கும்போது பக்கத்தில் நின்றவர்கள், செத்த வீட்டு வாசலுக்கு வரக் கூசுகிறார்கள்.

நான் தெருமுனை வேம்புக்குக் கீழே நின்றேன். கிட்டப் போகவில்லை. கூட்டமாக இருந்தது.

பிப்ரவரி 3

துண்டு இன்னும் கூண்டுக் கதவில் கிடக்கிறது. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

பிப்ரவரி 6

விசாரணை. மூன்று பேர், ஏ.சி. அறை, முந்திரி பக்கோடா. மணவாளன் ஓரத்தில்.

“உள்ளே நுழையும்போது ராடு மாட்டியிருக்கான்னு பாக்கறது யார் பொறுப்பு?”

“உள்ளே நுழையறவர் பொறுப்பு.”

“அது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மின்சாரம் திரும்ப ஏறும்னு?”

“மீட்டர்ல காட்டியிருக்கேன்.”

கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஒன்றுகூடப் பொய் இல்லை. ராடு ஒன்றுதான் இருந்தது என்பதைச் சொன்னபோது நடுவில் இருந்தவர், “அது நிர்வாக விஷயம், இங்கே வேணாம்” என்றார். முடிவை எங்களுக்கு எதிரிலேயே வாசித்தார்கள். பணியாளரின் கவனக்குறைவு.

வெளியே வந்து கழிப்பறைக் கதவை எட்டி உதைத்தேன். செத்தவன்மேல் பழியைப் போடுவதற்கு மூன்று பேர், முந்திரி பக்கோடா. செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான்.

ராடை எடுத்தது யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போகும்போது மணவாளன் தோளைத் தட்டினார். “தெளிவா பேசுனீங்கம்மா. பதட்டமே இல்ல.”

பிப்ரவரி 9

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகவில்லை. செவந்தி வீட்டுக்குப் போனேன். பிஸ்கட், ஆப்பிள் வாங்கிப் போயிருந்தேன். நோயாளியைப் பார்க்கப் போவதுபோல இருந்தது.

செவந்தியின் தம்பி முத்திருளன் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். அவனும் ஐ.டி.ஐ. தான். அக்காவுக்காக வந்து தங்கியிருக்கிறான். செவந்தி டீ போட்டுக் கொடுத்தாள்.

“கவனம் இல்லாம செத்தாருன்னு எழுதிட்டாங்களாமே?”

“அநியாயம்” என்றேன். “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

“சட்டை மாட்டுனா பொத்தான் சரியா இருக்கான்னு மூணு தடவ பாப்பாரும்மா அந்த மனுசன். அவருக்கா கவனம் இல்ல?” டீத் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். “அந்தத் தொரட்டி காலையில மாட்டித்தான இருந்துச்சு. அத எடுத்தது யாரு?”

“மொத்தமே ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ண மணவாளன் சார் கூடத்துல கொண்டுபோய் வெச்சுட்டாரு. அதுதான் காரணம்.”

“அது எனக்குத் தெரியும். அவரு வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நான் கேட்டது வேற.”

டீயில் ஏடு படிந்திருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். வாசலில் முத்திருளன் செதுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

பிப்ரவரி 13

முத்திருளனை அந்த இடத்திலேயே வேலைக்கு எடுத்துவிட்டார்கள். அந்த இடம் என்றால், அதே பேங்க் ஒன்று. மஞ்சள் அட்டை. ஒப்பந்தக்காரர் இதைப் பெரிய கருணையாகச் சொல்லிக்கொள்கிறார். செவந்திக்குப் பார்வையாளர் கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. ஒரு உயிருக்கு இரண்டு வேலை தந்துவிட்டார்களாம்.

இன்று காலை முத்திருளன் கூண்டுக் கதவில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டான்.

ராடு இன்னும் ஒன்றுதான்.

பிப்ரவரி 15

மணவாளன் கூப்பிட்டார். “கூடத்துக்கு நல்ல தமிழ்ல விளக்கிச் சொல்ற ஆள் வேணும். உங்களத்தான் நெனச்சேன். அறிவியல் நாள் முடிஞ்சதும் ஒப்பந்தத்தையும் நீட்டிருவோம், மூணு வருஷத்துக்கு.”

முதலில் மறுக்கலாம் என்று இருந்தேன். பிறகு யோசித்தேன். உள்ளே இருந்துகொண்டுதான் எதையும் மாற்ற முடியும். வெளியே போய்க் கத்தினால் யார் கேட்கப்போகிறார்கள்? கூடத்தில் இருந்தால் அந்த ராடுக்குப் பக்கத்திலாவது இருப்பேன்.

சாவிக்கொத்து தந்தார்கள். புரொஜெக்டர் அறை, மாதிரி முடுக்கி, கண்ணாடிப் பெட்டிகள்.

பிப்ரவரி 19

பேங்க் பக்கம் போகவில்லை. இப்போது ராடை மாற்றுவது யார் பொறுப்பு என்று தெரியவில்லை. கேட்கவேண்டும்.

பிப்ரவரி 21

மாதிரி முடுக்கியில் இரண்டு விளக்கு எரியவில்லை. மாற்றினேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சாக்லேட் வந்துவிட்டது.

செவந்தி காலையில் கூடத்தைப் பெருக்கி, ஈரத்துணி போட்டு, கடைசியாகக் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கிறாள். ராடு இருக்கும் பெட்டியை மற்றவற்றைவிட அதிக நேரம் துடைக்கிறாள். இன்று தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “பாதுகாப்பே... எங்கள்... முதல் பணி.” பிறகு என் பக்கம் திரும்பி, “இதானா?” என்றாள்.

“ஆமா.”

“இவ்வளவு லேசாவா இருக்கும்?”

பதில் சொல்வதற்குள் போன் வந்துவிட்டது.

பிப்ரவரி 25

முத்திருளன் மதியம் கூடத்துக்கு வந்தான், அக்காவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தான். வலது கை விரல்களை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான்.

“என்னடா ஆச்சு?” என்றாள் செவந்தி.

“ஒண்ணுமில்லக்கா. சுருக்குன்னுச்சு. ராட அந்தப் பக்கம் கொண்டு போயிட்டானுக, நான் பாக்கல.”

அவள் அவனை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். புள்ளி எதுவும் இல்லை.

மணவாளனிடம் போய்ச் சொன்னேன். “மூணே நாள் ஜெசிந்தா. கமிட்டி போகட்டும்” என்றார். என்ன மனிதர்கள் இவர்கள். மூன்று நாள் பொறுக்கமுடியாத விஷயம் என்று ஒன்று இவர்களுக்கு இருக்கவே இருக்காதா?

பிப்ரவரி 28

அறிவியல் நாள்.

காலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள், வரிசை வரிசையாக. பதினோரு மணிக்குக் கமிட்டி வந்தது. மணவாளன் கோட்டு போட்டிருந்தார். நான் புடவை. மாதிரி முடுக்கியில் விளக்குகள் சுற்றின, பிள்ளைகள் கைதட்டினார்கள். ராடு இருக்கும் பெட்டிக்கு வந்தோம். மனப்பாடமாக வைத்திருந்ததைச் சொன்னேன்: இதுதான் எங்கள் பணியாளர்களின் உயிரைக் காக்கும் கருவி, இது தொங்காமல் எவரும் உள்ளே போகமாட்டார்கள்.

செவந்தி சுவரோரம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கமிட்டிக்காரர்கள் இருக்கும்போது துப்புரவு ஆட்கள் அப்படி ஓரமாகத்தான் நிற்கவேண்டும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நடந்து வந்தாள். பிள்ளைகள் வழி விட்டார்கள்.

“இதத் தொறங்க” என்றாள்.

மணவாளன் சிரித்துக்கொண்டே, “அப்புறம்மா, விருந்தாளிங்க இருக்காங்கல்ல?” என்றார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். “எந் தம்பி உள்ள நிக்கிறான். தொரட்டி இல்லாம நிக்கிறான். இத எடுத்துட்டுப் போய் மாட்டிட்டு வர எவ்வளவு நேரமாகும்? தொறங்கம்மா.”

டெல்லிக்காரர் ஒருவர், என்ன சொல்கிறார் இந்த அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தமிழ் தெரிந்தவள், விளக்கிச் சொல்ல நியமிக்கப்பட்டவள் நான்தான்.

கண்ணாடியைத் திறந்து காட்டச் சொல்கிறார், ஆர்வத்தில் கேட்கிறார், என்று சொன்னேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார். உள்ளூர் மக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருப்பது பெரிய விஷயம் என்று மணவாளனிடம் கை குலுக்கினார்.

அடுத்த குழுவை அழைத்தேன்.

அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும்? கமிட்டி போன பிறகு பேசிக்கொள்ளலாம். கூடத்துப் பொருளை அனுமதி இல்லாமல் எடுத்தால் அதற்கும் ஒரு விசாரணை வரும். ஒப்பந்த நீட்டிப்பு திங்கட்கிழமை கையெழுத்தாகிறது. அதன் பிறகு என்னால் இன்னும் உறுதியாகக் கேட்கமுடியும்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தேன். செவந்தி பெட்டியின் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் விரல்தடம் கண்ணாடி முழுக்க இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“அன்னைக்கு அவரு துண்டு கதவுலதான் கெடந்துச்சாமே” என்றாள்.

“சத்தம் கேட்டு ஓடிவந்தப்ப கெடந்துச்சு. நான் பாத்தப்ப இல்ல” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரிந்தது.

செவந்தி அழவில்லை, கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், கணக்கு சரியாக வந்துவிட்டதுபோல. பிறகு எழுந்து, என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் காட்டினாள்.

“அது போகட்டும். போனது போச்சு. இப்ப இதத் தொற.”

மார்ச் 3

கையெழுத்தாகிவிட்டது. மூன்று வருஷம். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

காலையில் கூடத்தைத் திறந்தபோது செவந்தி எனக்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தாள். பெருக்கினாள். துடைத்தாள். மற்ற பெட்டிகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக, ராடு இன்னும் உள்ளேயே இருக்கும் அந்தப் பெட்டிக்கு வந்து நின்றாள். ஜன்னல் வழியாக முதல் ஷிப்ட் ஆட்கள் மூன்றாம் கட்டடத்துக்குள் போவது தெரிந்தது. பச்சைத் துண்டு தெரிந்தது.

“தொற.”